விசா வேண்டாம், ஆனால் விமானம் ஏற முடியாது

டொராண்டோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் லண்டனில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரிடமும் கனடிய பாஸ்போர்ட். உறவினர் வீட்டுக்குச் சில வாரம் போய்வரக் கனடியர்களிடம் பிரிட்டன் விசா கேட்பதில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் ஈடிஏ என்ற ஒன்றை இணையத்தில் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும் என்கிறது. வாங்காமல் போனால் லண்டனில் குடிவரவு அதிகாரியிடம் விளக்கம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. அவரைப் பார்க்கும் வரை பயணமே நீளாது. டொராண்டோ செக்-இன் கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கிடைக்காது.

அதே குடும்பம் சென்னைக்குக் கிளம்பி, வழியில் ஹீத்ரோவில் விமானம் மட்டும் மாறினால் அந்த ஈடிஏ தேவையில்லை. ஆனால் லண்டனில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அவர்களுடைய சொந்தக்காரர்கள் டொராண்டோவில் விமானம் மாறினால் கனடாவின் முன்னனுமதி வேண்டும். மயாமியில் மாறி மெக்சிகோ போனால், மயாமியில் இரண்டு மணி நேரம் இருப்பதற்கே அமெரிக்காவின் முன்னனுமதி வேண்டும்.

விசா வேண்டாம் என்று சொல்லிவிட்டு அனுமதி கேட்பது ஏன்? விமானம் மாறுவதற்கு ஒரு நாடு அனுமதி கேட்கும்போது இன்னொன்று ஏன் கேட்பதில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது. ஒரு நாட்டின் எல்லைச் சோதனை இன்று எந்த இடத்தில், யார் கையால் நடக்கிறது என்பதில்தான் அந்த விடை இருக்கிறது.

விசாவில் ஒருவரைப் பற்றிய ஆய்வு அவர் புறப்படும் முன்பே நடந்துவிடுகிறது. தூதரக அதிகாரி வங்கிக் கணக்கையும் வேலையையும் பார்க்கிறார், விரல் ரேகை எடுக்கிறார், தேவைப்பட்டால் நேரில் கேட்கிறார். விசா விலக்கு பெற்ற நாட்டவருக்கு இது எதுவும் கிடையாது. விமானம் தரையிறங்கி அவர் வரிசையில் வந்து நிற்கும் வரை, இப்படி ஒருவர் வருகிறார் என்பதே போகும் நாட்டுக்குப் பல காலம் தெரியாமல் இருந்தது. விசாவுக்கும் விலக்குக்கும் நடுவே ஒரு படியை 1996-இல் ஆஸ்திரேலியா கண்டுபிடித்தது. சிட்னி ஒலிம்பிக்குக்கு நான்கு ஆண்டுகள் இருந்தன. பெருங்கூட்டம் வரும் என்று தெரியும். எல்லோருக்கும் தூதரகத்தில் முத்திரை குத்த ஆளில்லை. பயண முகவர்கள் டிக்கெட் பதிவு செய்யும் அதே கணினி வலையில், பயணியின் பாஸ்போர்ட் விவரத்தைத் தட்டினால் அனுமதி பதிவாகிவிடும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். பாஸ்போர்ட்டில் எதையும் ஒட்டவில்லை. இதைப் பயண முன்னனுமதி என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் இது 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த சட்டங்களின் விளைவு. 2007-இல் சட்டமாகி, 2009 ஜனவரி 12 முதல் எஸ்டா என்ற பெயரில் கட்டாயமானது. முதலில் கட்டணமே இல்லை. 2010-இல் 14 டாலர், 2022-இல் 21, 2025 செப்டம்பர் இறுதியில் 40. கனடா 2016-இல், நியூசிலாந்து 2019-இல், தென்கொரியா 2021-இல் இந்த வழிக்கு வந்தன. பிரிட்டன் 2023 நவம்பரில் கத்தார் நாட்டவரில் தொடங்கி, 2025 ஏப்ரல் 2-இல் ஐரோப்பியர்களையும் சேர்த்துக்கொண்டது. பாரிஸ் தமிழர்கள் லண்டன் ரயிலில் ஏறவும் இப்போது இது வேண்டும். ஐரோப்பாவின் 30 நாடுகளுக்கான ஈடியாஸ் திட்டத்துக்கு 2018-இலேயே சட்டம் வந்துவிட்டாலும் பலமுறை தள்ளிப்போய், 2026-இன் கடைசிக் காலாண்டு என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் இந்திய பாஸ்போர்ட்டுக்காரர்களுக்கு மேலே சொன்ன ஏற்பாடுகளில் பெரும்பாலானவை பொருந்தாது. அவர்களுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் விசாவே கேட்கின்றன. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று சொல்லி, இணையத்தில் ஒரு வருகை அட்டையை மட்டும் நிரப்பச் சொல்கிறது. சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் அத்தகைய அட்டை உண்டு. அது வேறு. வருகை அட்டை என்பது நான் வருகிறேன் என்று நாம் தரும் தகவல். முன்னனுமதி என்பது வரலாம் என்று அவர்கள் தரும் முடிவு. இலங்கை 2012 முதல் ஈடிஏ என்ற பெயரிலேயே ஒன்றைத் தருகிறது என்றாலும், இந்தியர் உள்ளிட்ட பெரும்பாலோருக்கு அது விசாவின் வேலையைத்தான் செய்கிறது.

முன்னனுமதி எங்கே இருக்கிறது? மின்னஞ்சலில் வரும் கடிதத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் பலர். அந்தத் தாளுக்குத் தனி மதிப்பு இல்லை. ரயிலில் டிடிஇ கையிலிருக்கும் சார்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சார்ட்டில் பெயர் இருந்தால் படுக்கை நம்முடையது. நம் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி நமக்கு நினைவூட்ட மட்டுமே. முன்னனுமதியும் போகும் நாட்டின் தரவுத்தளத்தில் இருக்கும் ஒரு வரிதான். ரயிலில் வண்டி கிளம்பிய பிறகு டிடிஇ வருவார், பேசிப் பார்க்க இடமுண்டு. இங்கே வண்டி ஏறும் முன்பே, அதுவும் ஓர் இயந்திரத்தால், பார்த்து முடிக்கப்படுகிறது.

அந்த ஒரு வரியை எப்படித் தேடி எடுக்கிறார்கள்? பெயரை வைத்து அல்ல. உலகில் ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். பாஸ்போர்ட் எண், அதை வழங்கிய நாடு, பிறந்த தேதி ஆகியவை சேர்ந்துதான் திறவுகோல். அதனால்தான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், இரண்டு ஆண்டு செல்லுபடி என்று வாங்கிய முன்னனுமதியும் அதோடு போய்விடுகிறது. ஆள் மாறவில்லை, திறவுகோல் மாறிவிட்டது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. பாஸ்போர்ட்டில் படமுள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் 44 குறிகள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-இல் வெளியிட்ட 9303 என்ற எண்ணுள்ள ஆவணம் வகுத்த அமைப்பு இது. இயந்திரம் படிப்பதற்கான இந்த வரிகளில் அனுமதிக்கப்பட்டவை 26 ஆங்கில எழுத்துகள், 10 இலக்கங்கள், இடத்தை நிரப்பும் அந்த அம்புக்குறி, அவ்வளவுதான்.

இரண்டாவது வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஒன்பது இடங்கள் பாஸ்போர்ட் எண்ணுக்கு. பத்தாவது இடத்தில் ஓர் இலக்கம் தனியாக வந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் வேறெங்கும் அது அச்சாகியிருக்காது. இதுபோல 14 முதல் 19 வரை பிறந்த தேதி, 20-இல் ஓர் இலக்கம். 22 முதல் 27 வரை காலாவதித் தேதி, 28-இல் ஓர் இலக்கம். இவை சரிபார்ப்பு இலக்கங்கள். முன்னால் இருக்கும் எண்ணைச் சரியாகப் படித்தோமா என்று இயந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வைத்தவை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 9303 ஆவணத்தில் உட்டோப்பியா என்ற கற்பனை நாட்டின் மாதிரி பாஸ்போர்ட் ஒன்று இருக்கிறது. அதில் பிறந்த தேதி 740812, அதாவது 1974 ஆகஸ்ட் 12. இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 49, 12, 0, 56, 3, 2. கூட்டினால் 122. கடைசி இலக்கம் 2. மாதிரி பாஸ்போர்ட்டில் 20-ஆம் இடத்தில் 2 இருக்கிறது. யாராவது தவறிப்போய் 74 என்பதை 47 என்று மாற்றிப் படித்திருந்தால் கூட்டுத்தொகை 110 ஆகி, 0 வந்திருக்கும். இயந்திரம் பிழையை அந்த இடத்திலேயே பிடித்துவிடும். எண்களை 7, 3, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்குவது இதற்காகத்தான். வெறுமனே கூட்டினால் இலக்கங்கள் இடம் மாறியது தெரியவராது.

இந்தக் காவலிலும் ஓட்டை உண்டு. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களுக்கு இடையே வேறுபாடு சரியாக 5 என்றால், 16-ஐ 61 என்று மாற்றியதுபோல, இயந்திரம் ஏமாந்துவிடும். 7, 3, 1 இவற்றுக்கு இடையேயான வேறுபாடுகள் எல்லாம் இரட்டைப்படை. இரட்டைப்படையை 5-ஆல் பெருக்கினால் பத்தின் மடங்குதான் வரும். கடைசி இலக்கம் அசையாது. எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு: ஆங்கில 'ஏ' 10, அடுத்தது 11 என்று போய் கடைசி எழுத்து 35. அந்தக் கணக்கில் 'ஓ' எழுத்தின் மதிப்பு 24. ஆகவே சுழியத்தை 'ஓ' என்று இயந்திரம் தவறாகப் படித்தால் உடனே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் மனிதர் மாட்டிக்கொள்வதில்லை. இணையப் படிவத்தில் பாஸ்போர்ட் எண்ணை நாம் கையால் தட்டும்போது சரிபார்ப்பு இலக்கத்தை யாரும் கேட்பதில்லை. சுழியத்துக்குப் பதில் 'ஓ' தட்டினால், அப்படி ஒரு எண் இருக்கக்கூடியதே என்று படிவம் ஏற்றுக்கொள்ளும். கட்டணம் போகும். அனுமதியும் வரும், இல்லாத ஒரு பாஸ்போர்ட்டுக்கு. பயண நாளன்று கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் தேய்க்கும்போது சரியான எண் போகிறது. அந்த எண்ணுக்கு எந்த வரியும் இல்லை என்று பதில் வருகிறது. ஜெர்மனி தன் பாஸ்போர்ட் எண்களில் ஆங்கில உயிரெழுத்துகளையே பயன்படுத்துவதில்லை. அங்கே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது சுழியம்தான். எல்லா நாடுகளும் செய்திருக்க வேண்டிய எளிய காரியம் இது.

இந்தப் பிழையைத் தவிர்க்கத்தான் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் கைப்பேசிச் செயலி வழியே விண்ணப்பிக்கச் சொல்கின்றன. செயலி முதலில் அந்த இரண்டு வரிகளைப் படம் பிடிக்கும். பிறகு கைப்பேசியைப் பாஸ்போர்ட்டின் மேல் வைக்கச் சொல்லும். மின்-பாஸ்போர்ட்டுக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதில் நம் படமும் அதே விவரங்களும் இருக்கின்றன. சில்லு யார் கேட்டாலும் பேசாது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் சரியாகச் சொன்னால்தான் பேசும். வரிகளை முதலில் படமெடுப்பது அதற்காக. சில்லில் இருக்கும் விவரத்தின்மீது அதை வழங்கிய நாடு எண்ணிம முறையில் ஒரு கையொப்பம் இட்டிருக்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாமல் போய்விடும். எனவே செயலிக்கு வந்தது உண்மையான பாஸ்போர்ட்டின் விவரம் என்று கணிதமே உறுதி சொல்கிறது.

நம் பெயர்கள் இந்த வரிகளுக்குள் அடங்குவது அவ்வளவு எளிதல்ல. மலேசியத் தமிழர் பெயர்களில் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்பதைப் பாருங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். எழுத்துகள், இலக்கங்கள், அம்புக்குறி என்று மேலே சொன்ன 37 குறிகளில் அந்தச் சாய்கோட்டுக்கு இடமில்லை. குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று பிரிக்கச் சொல்லும் படிவத்தின் முன், தந்தையின் பெயரைப் பின்னொட்டாகக் கொண்டவர் திகைக்கிறார். இதற்கு ஒரே பாதுகாப்பான வழி, பாஸ்போர்ட்டின் அடி வரிகளில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே எழுதுவது. அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும். இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு சொந்தப் பெயர்.

விண்ணப்பம் போன பிறகு என்ன நடக்கிறது? பல நேரங்களில் நிமிடங்களுக்குள் பதில் வந்துவிடுகிறது. இத்தனை வேகத்தில் மனிதர் யாரும் படித்திருக்க முடியாது. இயந்திரம் இரண்டு வகையான தேடலைச் செய்கிறது. முதலாவது எளிது: இந்தப் பாஸ்போர்ட் தொலைந்ததாகவோ திருடப்பட்டதாகவோ பதிவாகியிருக்கிறதா? இன்டர்போல் 2002 முதல் அப்படி ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. எண்ணுக்கு எண் ஒப்பிட்டால் போதும்.

அப்படி ஒப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பது 2014 மார்ச் 8 அன்று உலகத்துக்குத் தெரிந்தது. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்டு மறைந்துபோன மலேசிய விமானம் எம்எச்370-இல், ஓர் ஆஸ்திரியரின் பாஸ்போர்ட்டிலும் ஓர் இத்தாலியரின் பாஸ்போர்ட்டிலும் இரண்டு ஈரானியர்கள் ஏறியிருந்தார்கள். இரண்டுமே தாய்லாந்தில் களவுபோனவை. இரண்டுமே இன்டர்போல் பட்டியலில் இருந்தவை. ஏறும்போது யாரும் அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை. விமானம் மறைந்ததற்கும் அவர்களுக்கும் தொடர்பிருந்ததாகத் தெரியவரவில்லை. வேறொரு வாழ்க்கையைத் தேடிப் போனவர்கள் அவர்கள். ஆனால் பட்டியல் ஓரிடத்திலும் சோதனை வேறோரிடத்திலும் இருந்தால் பட்டியலால் பயனில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இரண்டாவது தேடல் கடினமானது: தேடப்படுவோர் பட்டியலில் இவர் இருக்கிறாரா? இங்கே பெயரை ஒப்பிட்டாக வேண்டும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஓர் எழுத்து மாறினாலே தப்பிவிடுவார்கள். ஒலி ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் முறைகள் நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டன. அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் அவற்றின் மூதாதை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றில் உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலி நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணைக் கொடுப்பது அதன் உத்தி. ஆறுமுகம் என்ற பெயரை ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு எழுதினாலும் 'கே' போட்டு எழுதினாலும் அது ஒரே குறியீட்டைத் தந்துவிடும். ஆனால் யாழினியை ழகரத்துக்கு 'இசட்-எச்' போட்டு எழுதினால் ஒரு குறியீடு, 'எல்' போட்டு எழுதினால் வேறொன்று. கந்தையா 'கே'-யில் தொடங்கினால் ஒன்று, 'ஜி'-யில் தொடங்கினால் இன்னொன்று. ஆங்கிலப் பெயர்களின் ஒலியை மனத்தில் வைத்துச் செய்த சல்லடை அது. இன்றைய முறைகள் எவ்வளவோ நுட்பமானவை என்றாலும் அடிப்படைச் சிக்கல் அதுவே: சல்லடையின் கண்ணைச் சிறிதாக்கினால் தொடர்பில்லாதவர்களும் சிக்குவார்கள், பெரிதாக்கினால் தேடப்படுபவர் நழுவிவிடுவார்.

எத்தனை பேர் வீணாகச் சிக்குவார்கள் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் உணரலாம். ஒரு கோடிப் பேர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் உண்மையில் நிறுத்த வேண்டியவர்கள் 100 பேர். இயந்திரம் மிகவும் திறமையானது: அந்த 100 பேரில் 99 பேரைப் பிடித்துவிடும், மற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும். கேட்கும்போது குறையில்லாத இயந்திரம். ஆனால் ஒரு கோடியில் ஆயிரத்துக்கு ஒருவர் என்றால் பத்தாயிரம் பேர். இயந்திரம் மணியடிக்கும் ஒவ்வொரு நூறு பேரிலும் ஏறக்குறைய 99 பேர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். இயந்திரம் மோசம் என்பதால் வந்த விளைவு அல்ல இது; தேடும் பொருள் மிக அரிதாக இருப்பதால் வருவது. அரிய நோயைத் தேடும் இரத்தப் பரிசோதனைகளில் மருத்துவர்கள் இதே கணக்கோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆகவே மணியடித்த பிறகு ஒரு மனிதர் பார்த்தே ஆக வேண்டும். ஈடியாஸ் சட்டம் இதை எழுதியே வைத்திருக்கிறது. இயந்திரம் அனுமதியைத் தானாகத் தரலாம். மறுப்பைத் தானாகத் தரக் கூடாது. பொருத்தம் ஏதும் தென்பட்டால் வார்சாவில் இருக்கும் மைய அலுவலகம், இது அதே ஆள்தானா என்று பார்க்கும். ஆம் என்றால், அல்லது ஐயம் தீரவில்லை என்றால், உரிய நாட்டின் அலுவலகம் முடிவெடுக்கும். நமக்கு வரும் பதில் நிமிடங்களிலிருந்து நாட்களுக்கு நீள்வதன் காரணம் பெரும்பாலும் இந்த மனிதப் பரிசோதனைதான். அமெரிக்கா 72 மணி நேரத்துக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்வதும் அதனால்தான்.

இப்போது கவுன்ட்டருக்கு வருவோம். பாஸ்போர்ட்டை ஊழியர் இயந்திரத்தில் தேய்த்ததும், விமான நிறுவனத்தின் கணினியிலிருந்து போகும் நாட்டின் அரசுக்கு ஒரு செய்தி பறக்கிறது. சில நொடிகளில் பதில் வருகிறது: ஏற்றலாம், ஏற்றாதே. ஏன் என்று அதில் இருப்பதில்லை. ஊழியரிடம் மன்றாடுபவர்களைப் பார்த்தால் எனக்கு இருபுறமும் வருத்தம் வரும். அவருக்கும் தெரிவது அந்த ஒற்றைச் சொல் மட்டுமே. மீறி ஏற்றினால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும், பயணியைத் தன் செலவில் திருப்பியும் கொண்டுவர வேண்டும்.

தனியார் நிறுவனத்தின் ஊழியரை எல்லைக் காவலராக்கிய இந்த அபராதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம்மவர்கள் இருக்கிறார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் உயிர் தப்பி லண்டன் வரத் தொடங்கினார்கள். அப்போது காமன்வெல்த் நாட்டினருக்குப் பிரிட்டன் செல்ல விசா தேவையில்லை. 1985 மே மாதம் இலங்கையருக்கு மட்டும் விசா கட்டாயமாக்கப்பட்டது. ஒரு காமன்வெல்த் நாட்டின்மீது பிரிட்டன் இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கி அடைக்கலம் கேட்ட தமிழர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, அவர்கள் விமான நிலையத்திலேயே ஆடைகளைக் களைந்து எதிர்த்தார்கள். வெளியேற்றம் நீதிமன்றத்தால் நின்றது. அடுத்த மாதமே அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. உரிய ஆவணமில்லாத ஒவ்வொரு பயணிக்கும், ஏற்றிவந்த நிறுவனம் 1000 பவுண்டு கட்ட வேண்டும் என்ற விமான, கப்பல் நிறுவனப் பொறுப்புச் சட்டம் அது. அன்று முதல் ஒரு விமான நிறுவனத்துக்கு, ஆளைப் பார்த்து இரக்கப்படுவது செலவான காரியமாகிவிட்டது. இன்றைய முன்னனுமதியின் கணினிச் செய்தி ஓடுவது அந்தப் பொறுப்பின் மேல்தான்.

விமானம் மாறும் பயணிகளின் புதிரையும் இப்போது அவிழ்க்கலாம். விடை சட்டப் புத்தகத்தைவிட விமான நிலையக் கட்டடத்தில் அதிகம் இருக்கிறது. ஹீத்ரோவில் வந்திறங்குபவர் குடிவரவு வரிசைக்குப் போகாமலேயே அடுத்த விமானத்தின் வாசலுக்குப் போகலாம். அதற்கெனத் தனி வழி உண்டு. முனையம் மாற வேண்டியிருந்தால் பேருந்தும் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவர் பிரிட்டனுக்குள் நுழையவே இல்லை. தொடக்கத்தில் இவர்களிடமும் ஈடிஏ கேட்டார்கள். பயணிகள் வேறு நகரங்கள் வழியாகப் போய்விடுவதாக ஹீத்ரோ நிர்வாகம் முறையிட்டது. 2025 ஜனவரியில், எல்லையைக் கடக்காமல் மாறுபவர்களுக்கு விலக்கு வந்தது. ஆனால் தனித்தனி டிக்கெட் எடுத்து, பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியவர் எல்லையைக் கடக்கிறார். அவருக்கு ஈடிஏ வேண்டும்.

அமெரிக்காவில் அந்தத் தனி வழியே கிடையாது. நாட்டைவிட்டுப் போகிறவர்களைச் சோதிக்கும் குடிவரவு வாயில் அங்கே இல்லை. வெளிநாட்டுக்குப் பறப்பவரும் உள்நாட்டுக்குப் பறப்பவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூடத்துக்குள் போன எவரும் அப்படியே வெளியே நடந்து ஊருக்குள் போய்விடலாம். ஆகவே வந்திறங்கும் ஒவ்வொருவரும் குடிவரவைக் கடந்துதான் அங்கே போக முடியும். விசா இல்லாமல் விமானம் மாற முன்பு ஒரு திட்டம் இருந்தது. 2003 ஆகஸ்ட் 2-இல் பாதுகாப்புக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். அன்றுமுதல் மயாமியில் காத்திருப்பதும் மயாமிக்குப் போவதும் அமெரிக்காவுக்கு ஒன்றுதான்.

ஐரோப்பாவில் இந்தக் கட்டட நுட்பம் இன்னும் வியப்பானது. டொராண்டோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறிச் சென்னை வரும் கனடியர், தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் நுழைவதில்லை. சர்வதேசப் பகுதியிலேயே இருந்துவிடுகிறார். ஈடியாஸ் வந்த பிறகும் அவருக்கு அது வேண்டாம். அதே ஆள் டொராண்டோ, பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட், சென்னை என்று மலிவான டிக்கெட் எடுத்தால் நிலைமை வேறு. பாரிஸுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் இடையேயான விமானம் சட்டப்படி உள்ளூர் விமானம். அதில் ஏற பாரிஸிலேயே எல்லையைக் கடக்க வேண்டும். ஓர் இரவுகூடத் தங்காமல் அவர் ஐரோப்பாவுக்குள் வந்து வெளியேறியவராகிறார். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

சோதனை கவுன்ட்டரில்தான் நடக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று, கவுன்ட்டர் இல்லாத இடங்கள். கனடாவின் முன்னனுமதி விமானத்தில் வருபவர்களுக்கு மட்டுமே. நயாகரா பாலத்தைக் காரில் கடக்கும் பிரிட்டிஷ்காரருக்கு அது வேண்டாம். எல்லை அதிகாரியே அங்கே நேரில் நிற்கிறார். அயர்லாந்துக் குடியரசிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சாலையில் அதிகாரியும் இல்லை, கவுன்ட்டரும் இல்லை. டப்ளினுக்கு வந்த கனடியச் சுற்றுலாப் பயணி பேருந்தில் பெல்ஃபாஸ்ட் போக சட்டப்படி பிரிட்டனின் ஈடிஏ எடுத்திருக்க வேண்டும். கேட்பதற்கு வழக்கமான சோதனை எதுவும் வழியில் கிடையாது.

முன்னனுமதி கிடைத்துவிட்டால் நுழைவு உறுதி என்று எந்த நாடும் சொல்வதில்லை. விமானம் ஏறலாம் என்பதே அதன் பொருள். இறங்கிய பின் அதிகாரி மறுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமையும் இருக்கும் கனடியர் ஈடிஏ எடுக்கவே முடியாது. அது வெளிநாட்டவருக்கானது, அவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையோ, குடியிருப்புரிமைச் சான்று இணைந்த கனடியப் பாஸ்போர்ட்டையோ காட்ட வேண்டும். 2026 பிப்ரவரி 25 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்போவதாகப் பிரிட்டன் அறிவித்த விதியில், பழைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள்.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதில்தான் நாடுகள் மிகவும் வேறுபடுகின்றன. எஸ்டா மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது; தூதரகத்துக்குப் போய் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பிரிட்டனிலும் மேல்முறையீடு இல்லை. ஈடியாஸ் சட்டம் ஒரு படி மேலே போயிருக்கிறது. எந்தக் காரணத்தால் மறுத்தார்கள், எந்த நாட்டின் அலுவலகம் மறுத்தது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் மேல்முறையீடு செய்யலாம். இனம், மதம், அரசியல் கருத்து போன்றவற்றை ஆபத்துக் குறியீடாக வைக்கவும் அந்தச் சட்டம் தடை விதிக்கிறது. ஒரு கோடிப் பேரில் பத்தாயிரம் பேர் வீணாகச் சிக்கும் கணக்கைப் பார்த்த பிறகு, காரணத்தைக் கேட்கும் உரிமையை நான் சலுகையாகக் கருதவில்லை. இயந்திரம் செய்த பிழை இயந்திரத்துக்குத் தெரிய வேண்டுமானால், மறுக்கப்பட்டவர் அதை வந்து சொல்வதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். ஈடியாஸ் ஓடத் தொடங்கியதும் அந்த மேல்முறையீடுகளில் எத்தனை வெல்கின்றன என்பதே, அதன் சல்லடை எவ்வளவு நேர்மையானது என்பதை வெளியிலிருந்து அளக்க நமக்குக் கிடைக்கும் முதல் எண்ணாக இருக்கும்.